இதையும் வெட்டியாச்சா?

கேள்வி:

இரணியல் பக்கம் ஒரு பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். வயது 49. கணவர் 24 வருடம் சவூதியில், தமாமில் அலுமினிய வேலை செய்துவிட்டு, 8 மாதத்துக்கு முன்னால் மொத்தமாகத் திரும்பி வந்தார். இப்போது சொந்தக்காரர் கடை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். மகள் கல்யாணமாகிப் பெங்களூரில், மகன் சென்னையில். சனி, ஞாயிறு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

நான் உள் அறையில் உட்கார்ந்து, பேரனுக்காகப் பழைய சேலைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கிறேன். அவர் சிட்அவுட்டில் பேப்பரும் போனுமாக இருப்பார். எப்போதாவது பேப்பரில் எதையாவது சத்தமாகப் படிப்பார். எனக்கு ஊசியில் கவனம். "மழ வருது போல" என்பார். சாயங்காலம் அவரே கட்டன்சாயா போட்டு ஒரு தம்ளர் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் நான் பள்ளிக்குப் போயிருந்தபோது மிஷினுக்கு எண்ணெய்கூடப் போட்டிருக்கிறார். ஆனால் பேச்சு என்று ஒன்றுமே இல்லை.

போன மாதம் அவருடைய நீலக் கட்டம் போட்ட பழைய சாரம் (லுங்கி) ஒன்றைப் போர்வைக்காக வெட்டினேன். அங்கிருந்து வரும்போது பெட்டியில் கொண்டுவந்தது, முழுக்கக் கிழிசல். "இதையும் வெட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனவர் ராத்திரி 9 மணிக்குத்தான் வந்தார். அவருடைய அக்கா வந்திருந்தபோது, "என்ன இது, சாவு வீடு மாதிரி இருக்கு" என்றார்.

எங்களுக்குள் ஏதாவது கோளாறா? உபயோகமில்லாத இந்த வேலையை மூட்டை கட்டிவிட்டு அவரோடு உட்கார்ந்து பேச வேண்டுமா? போர்வை வேறு சுருங்கிச் சுருங்கி வருகிறது. சிவப்புச் சேலையின் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது.

பதில்:

அன்புள்ள சகோதரி,

சுருக்கத்துக்கும் சாயத்துக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. என் அம்மா நாகர்கோவிலில் தையல் மிஷின் சவுட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். குடும்பநல ஆலோசகர் என்று பலகை மாட்டுவதற்கு முன்னால் நானும் பல வருடம் அம்மாவுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தவள்தான். ஆனால் அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர்க்காரர்கள் வழக்கப்படி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு என்று வைத்துக்கொண்டால், 24 வருடத்தில் 12 லீவு, அதாவது 24 மாதம். திரும்பி வந்த இந்த 8 மாதத்தையும், கல்யாணத்துக்கும் முதல் விமானத்துக்கும் நடுவில் இருந்த சில மாதங்களையும் சேர்த்தால் மூன்று வருடம் வருமா? அதிலும் லீவு நாட்கள் எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு லீவில் வீட்டுக்குக் கான்கிரீட், இன்னொன்றில் தங்கை கல்யாணம், மற்றொன்றில் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி. மிச்ச நாட்களில் பெட்டியில் வந்த சோப்பையும் சென்ட்டையும் வீடு வீடாகக் கொண்டு கொடுக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் இரண்டு பேரும் வீட்டில் கிடந்த சனி, ஞாயிறு என்பது உங்களுக்கு இப்போதுதான் முதல் தடவையாக வாய்த்திருக்கிறது. உங்கள் வயதுக்காரர்கள் இருபத்தைந்து வருடத்தில் பழகியதை நீங்கள் எட்டு மாதத்தில் பழகிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. ஐஎஸ்டி பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறை நீங்கள். பணம் வந்துதா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா, மேஸ்திரி என்ன சொன்னாரு, வச்சிரட்டா? பேச்சு என்றாலே உங்கள் இருவருக்கும் தகவல்தான். பின்னால் செல்போன் வந்து காசு குறைந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது சொல்ல வேண்டிய தகவல் ஒன்றும் மிச்சமில்லை. ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்! தகவல் தீர்ந்துபோனதைப் பார்த்துவிட்டு, உறவே தீர்ந்துவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ஜான் காட்மன் என்று ஓர் உளவியலாளர். புதிதாகக் கல்யாணமானவர்களைக் கூர்ந்து கவனித்துவிட்டு, ஆறு வருடம் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்துவிட்டார்கள் என்று பார்த்தார். அவர் எண்ணியது எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை அல்ல. ஒருவர் "அங்க பாரேன், ஒரு பறவை" என்கிற மாதிரி எதையாவது சொல்லும்போது மற்றவர் திரும்புகிறாரா என்பதைத்தான். சேர்ந்திருந்தவர்கள் நூற்றுக்கு 86 தடவை திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 தடவை. அந்த ஊர்க் கணக்கு நமக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அது காட்டித் தருகிறது.

அந்தக் கண்ணோடு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பேப்பரில் ஒரு செய்தியைச் சத்தமாகப் படிக்கிறார். சுவருக்கா படிப்பார்? மழை வருது போல என்கிறார். சாயா வருகிறது, கேட்காமலே. மிஷினுக்கு எண்ணெய் விழுகிறது, நீங்கள் இல்லாத நேரத்தில். நாலு தடவை அவர் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார். நாலையும் நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியில் "ஆனால் பேச்சு என்று ஒன்றுமே இல்லை" என்கிறீர்கள். உங்கள் கணவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தால், "நான் என்ன சொன்னாலும் அவ மிஷின விட்டு நிமிர மாட்டேங்கா" என்று எழுதியிருப்பாரோ என்னவோ.

அதற்காக மிஷினை மூட்டை கட்ட வேண்டாம். அவர் படிக்கும்போது காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு "யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்கு மேல் எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். தொழில் புதிதில், படித்ததையெல்லாம் வீட்டிலும் செய்து பார்க்கிற வேகத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் "பேச்சு நேரம்" என்று வைத்தேன். முதல் வாரம் என் வீட்டுக்காரர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம், பேச ஏதாவது வேண்டுமே என்று கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். அதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

சரி, சாரம்.

நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை. ஊருக்கு மொத்தமாகத் திரும்புகிறவர் பெட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? விமானத்தில் இத்தனை கிலோதான் என்று இருக்கும். தராசில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, பேரனுக்கு வாங்கிய பொம்மையைக்கூட அட்டைப்பெட்டி இல்லாமல் வைப்பார்கள். அப்படிக் கட்டிய பெட்டியில் ஒரு கிழிந்த சாரத்துக்கு அவர் இடம் கொடுத்திருக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை. முதல் தடவை போனபோது வீட்டிலிருந்து கொண்டுபோனதாக இருக்கலாம், அந்த அறையில் கூடப் படுத்திருந்த யாரோ கொடுத்ததாக இருக்கலாம், இல்லை, வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். கேட்காமல் வெட்டினீர்கள் என்பதுதான் விஷயம். "இதையும்" என்ற அந்த "உம்" எனக்கு உறுத்துகிறது. அதற்கு முன்னால் அவருக்கு வேறு எதெல்லாம் போயிற்று என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார் போல. 24 வருடம் அவர் இல்லாமலே எல்லாம் முடிவாகிய வீடு அது. எந்த அறை யாருக்கு, எந்த மரத்தை வெட்டுவது, அலமாரியில் எந்தத் தட்டு அவருடையது என்று எல்லாம் நீங்கள் ஒற்றை ஆளாகத் தீர்மானித்தீர்கள். வேறு வழியும் இருக்கவில்லை, உங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் இப்போது ஆள் வீட்டில் இருக்கிறாரே.

அதனால் என் யோசனை: வெட்டின துண்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து அவர் முன்னால் வையுங்கள். "கேட்டுட்டு வெட்டியிருக்கணும், தப்புதான்" என்று சொல்லுங்கள். "ஆனா அது கிழிசல்தானே" என்று வாலைச் சேர்க்காதீர்கள். மன்னிப்புக்கு வால் முளைத்தால் அது வாதம் ஆகிவிடும். அப்புறம், இது ஏது என்று கேளுங்கள். பதில் வரலாம், அன்றைக்கு வராமலும் போகலாம். துண்டுகளைப் போர்வையில் சேர்ப்பதா, தனியாக எடுத்து வைப்பதா என்பதை அவரே சொல்லட்டும். தனியாக வை என்றால் வையுங்கள். போர்வையில் ஒரு கட்டம் குறைந்தால் குறையட்டும்.

அவருடைய அக்கா சொன்னதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு டிவி ஓடாத வீடு எல்லாமே சாவு வீடுதான்.

ஆனால் எல்லா மௌனமும் ஒன்றல்ல, அதையும் சொல்ல வேண்டும். உங்களைத் தண்டிப்பதற்காகவே நாள்கணக்கில் பேசாமலிருந்தால், அவர் கோபத்துக்குப் பயந்து நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், அடியோ மிரட்டலோ இருந்தால், இந்தக் கடிதத்தில் சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, வேலையை விட்டு வந்த ஆண்களுக்கு மனச்சோர்வு வருவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். சாயா போட்டுத் தருகிற மனிதரின் விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் பெரிதாக இல்லை. இருந்தாலும் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் நீங்கள்தான்.

உபயோகமில்லாத வேலை என்று எழுதியிருந்தீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் ஊசி வேலையைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி இங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கும் முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த ஊரில் இருந்ததாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. உங்கள் போர்வை அவ்வளவு பெரிய காரியம் இல்லைதான். ஆனாலும் வாரம் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு ரசீதும் சான்றிதழும் எழுதிவிட்டு, சனிக்கிழமை தன் இஷ்டத்துக்கு ஒரு கட்டத்தை இன்னொரு கட்டத்தோடு சேர்த்துப் பார்க்கிற சுகத்துக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இனி போர்வைக்கு வருகிறேன்.

சுருக்கம் ஏன் விழுகிறது? மிஷினில் கீழே இருக்கும் பல் அடித்துணியைப் பின்னால் இழுக்கும்; மேலே இருக்கும் பூட் மேல்துணியை அமுக்கிப் பிடிக்கும். ஒற்றைத் துணியில் இது தெரியாது. நாலு மடிப்பு வந்ததும் அடித்துணி முன்னே ஓட, மேல்துணி பின்தங்கி மடிந்துகொள்ளும். அதனால் மிஷினில் வைப்பதற்கு முன்பே எல்லா அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நாலு விரல் இடைவெளியில் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் வீக்கம் நிற்கும். பூட்டை அழுத்தும் மேல் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தையலை நீளமாக்குங்கள், 3 மில்லிமீட்டர் போல. ஊசி 16-ஆம் நம்பர் போடுங்கள். ரவிக்கை தைக்கிற ஊசியில் நாலு அடுக்கு தைத்தால் தையல் விட்டு விட்டுத்தான் விழும். மேல்நூல் இறுக்கத்தையும் பாருங்கள்.

துணியையும் கவனியுங்கள். பருத்தியும் சிந்தெட்டிக்கும் கலந்திருக்கிறதா? பருத்தி தண்ணீரில் சுருங்கும், மற்றது சுருங்காது. முதல் துவைப்பிலேயே போர்வை முறுக்கிக்கொள்ளும். ஒரு போர்வைக்கு ஒரே வகைத் துணி என்று வைத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். இழைக்கு நேராக வெட்டுங்கள். கிராஸாக வெட்டிய துண்டு கையில் எடுத்தாலே நீளும். பழைய சேலையில் முந்தானைப் பக்கமும் உள்ளே சொருகுகிற பக்கமும் அதிகம் தேய்ந்திருக்காது. உட்காரும் இடத்தில் வருகிற பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். நடுவில் பஞ்சு வைக்காதீர்கள். அது பனி கொட்டுகிற ஊருக்கு. வங்காளத்துக் காந்தா போல, பழைய சேலையை இரண்டு மூன்று அடுக்கு வைத்து ஓட்டுத் தையல் போட்டால் நமக்கு அதுவே தாராளம். வீட்டில் நைந்துபோன துவர்த்து (துண்டு) இருந்தால் உள்ளே ஓர் அடுக்காக வையுங்கள். மிருதுவாக இருக்கும், சீக்கிரம் காயும். ஐப்பசி மழையில் சீக்கிரம் காய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாயம். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நானும் நம்பித்தான் இருந்தேன். ஏற்கெனவே சாயம் போட்டு விற்ற துணியில் உப்பு அந்த வேலையைச் செய்வதில்லை. மிச்சச் சாயம் தீரும்வரை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுவதுதான் வழி. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சேலை போர்வைக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இறங்கின கறை காய்வதற்குள் நிறையத் தண்ணீரில் அலசினால் பெரும்பகுதி போகும். காய்ந்து, இஸ்திரியும் போட்டுவிட்டீர்கள் என்றால் அதோடு மல்லுக்கட்டாமல், மேலே இன்னொரு துண்டை வைத்துத் தைத்துவிடுங்கள். ஒட்டுப்போர்வையில் ஒட்டுக்கு மேல் ஒட்டு யாருக்குத் தெரியப்போகிறது?

பேரனுக்கு எத்தனை மாதம் என்று எழுதவில்லை. ஒரு வயது ஆகவில்லை என்றால் தூங்கும்போது போர்த்த வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். முகத்தில் ஏறினால் அந்த வயதுப் பிள்ளைக்குத் தள்ளிவிடத் தெரியாது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது தரையில் விரித்துத் தவழ விடலாம். பொத்தான், மணி எதையும் வைத்துத் தைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மிஷினை உள் அறையிலிருந்து சிட்அவுட்டுக்கு மாற்ற முடியுமா, சாரல் அடிக்காத மூலையாகப் பார்த்து? முதல் காரணம் வெளிச்சம். ஐம்பதை நெருங்கும் கண்ணுக்கு மழை நாளில் உள் அறையில் ஊசி கோர்ப்பது தண்டனை. இரண்டாவது காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், அலுமினிய வேலை பார்த்த கை அவருடையது. அளவு சுத்தமாக இருக்கும். உங்கள் சதுரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 12 சதுரம் சேரும்போது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கோணிவிடும். மீந்த தகட்டில் 5 அங்குலச் சதுரமாக ஓர் அச்சு வெட்டித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அட்டையில் வெட்டிய அச்சு நாலு நாளில் முனை மழுங்கும், தகடு மழுங்காது. செய்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "எனக்கு வேற வேலையில்லையா" என்றால் விட்டுவிடுங்கள். அவரை உங்கள் உதவியாளாக்குவது நம் நோக்கம் இல்லை. அவருக்குப் பேப்பர், உங்களுக்கு மிஷின் என்று சனிக்கிழமை போனாலும் மோசமில்லை.

எண்ணெய் போட்ட மிஷினில் உடனே நல்ல துணியை வைக்காதீர்கள். முதலில் வேண்டாத துணி ஒன்றில் நாலு வரி ஓட்டி, வழிகிற எண்ணெய் போன பிறகு போர்வையை எடுங்கள். மழைக்காலத்தில் மிஷினுக்கு அடிக்கடி எண்ணெய் வேண்டும். அந்தக் குப்பியை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கேளுங்கள்.